ஆள் அனுப்ப அவசரப்படாத விஞ்ஞானி

2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி. மாலை 6 மணி 4 நிமிடம். சந்திரனின் தென் துருவப் பக்கத்தில் ஓர் எந்திரம் மெல்ல இறங்கி, நான்கு கால்களையும் ஊன்றி நின்றது. அதன் பெயர் விக்ரம்.

அதை இறக்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குனர் வீரமுத்துவேல். விழுப்புரத்தைச் சேர்ந்த ரயில்வே ஊழியரின் மகன். அவர் என்ஜினீயரிங் பட்டத்துக்குப் படித்தது மேற்குத் தாம்பரம் சாய்ராம் கல்லூரியில்.

தாம்பரம் வட்டாரத்துக்கு ஆகாயம் அந்நியம் அல்ல. கிழக்குத் தாம்பரத்தில் விமானப் படைத் தளம் இருக்கிறது. விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே அங்கு பயிற்சி கொடுக்கிறார்கள். இரண்டு ஸ்டேஷன் தள்ளிக் குரோம்பேட்டை. அங்குள்ள எம்.ஐ.டி.யில் படித்தவர் அப்துல் கலாம். ஸ்ரீஹரிகோட்டாவில் இரவு நேரத்தில் ராக்கெட் கிளம்பினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், இந்தப் பக்கத்து மொட்டை மாடிகளில் நின்றே அந்த நெருப்புப் பொட்டைப் பார்க்கலாம்.

மாடியில் நின்று பார்க்கும் குழந்தைகள் ஒரு கேள்வி கேட்பார்கள். மனிதன் சந்திரனுக்குப் போய்த் திரும்பிவிட்டான். செவ்வாய் கிரகத்துக்கு எப்போது போவான்? நம்மவர் யாராவது போவார்களா?

இந்தக் கேள்விக்கு விசித்திரமான பதில் சொன்னவர், அந்த எந்திரம் தாங்கி நிற்கும் பெயருக்கு உரியவரான விக்ரம் சாராபாய். இந்தியாவின் ராக்கெட் திட்டத்தைத் தொடங்கியவரே அவர்தான். ஆனால், மனிதனைக் கிரகங்களுக்கு அனுப்பும் பந்தயத்தில் இந்தியா ஓட வேண்டியதில்லை என்றார் அவர்.

ராக்கெட் விட்டவரே ஏன் அப்படிச் சொன்னார்?

மில் அதிபரின் மகன்

குஜராத்தில் உள்ள ஆமதாபாத் நகரில் 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 12-ந் தேதி விக்ரம் பிறந்தார். தந்தை அம்பாலால் சாராபாய் பெரிய பஞ்சாலை அதிபர். தாயார் பெயர் சரளாதேவி. எட்டுக் குழந்தைகள். பணத்துக்குக் குறைவே இல்லை.

அது சாதாரணப் பணக்காரக் குடும்பம் அல்ல. 1918-ல் ஆமதாபாத் ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, முதலாளிகள் பக்கம் நின்றவர் அம்பாலால். தொழிலாளர் பக்கம் காந்தியடிகளோடு நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா! அக்காளும் தம்பியும் எதிர் எதிர்க் கட்சி. ஆனாலும் குடும்பம் உடையவில்லை.

சரளாதேவி குழந்தைகளை வெளிப் பள்ளிக்கு அனுப்பாமல், வீட்டு வளவிலேயே பள்ளிக்கூடம் நடத்தினார். காந்தியடிகள், தாகூர், நேரு போன்றவர்கள் வந்துபோகும் வீடு அது. விக்ரமுக்குச் சின்ன வயதிலேயே எந்திரங்கள் மீதும் கணக்கின் மீதும் ஆசை விழுந்தது. பிறகு இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜில் படித்து 1940-ல் தேறினார். அப்போது இரண்டாவது உலக யுத்தம் மூண்டிருந்தது. அங்கே தொடர்ந்து ஆராய்ச்சி செய்ய வழியில்லை. ஊர் திரும்பி, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் குருவாக அமைந்தவர் நம் சர் சி. வி. ராமன்.

சென்னையில் நடந்த கல்யாணம்

பெங்களூரில்தான் அவர் மிருணாளினியைச் சந்தித்தார். சென்னையில் வக்கீலாக இருந்த சுவாமிநாதன், அம்மு சுவாமிநாதன் தம்பதியின் மகள் மிருணாளினி. பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றவர். அவருடைய அக்காள் லட்சுமிதான், நேதாஜியின் படையில் பெண்கள் பிரிவுக்குத் தலைமை தாங்கிய காப்டன் லட்சுமி.

மில் அதிபர் வீட்டு விஞ்ஞானிக்கும் சென்னை நாட்டியக்காரிக்கும் காதல் பிறந்தது. 1942-ல் சென்னையில் கல்யாணம் நடந்தது. வெள்ளையனே வெளியேறு போராட்டம் நாடெங்கும் கொழுந்துவிட்டு எரிந்த நேரம் அது. மாப்பிள்ளை வீட்டார் போராட்டத்தில் மூழ்கியிருந்தார்கள். கல்யாணத்துக்கு அவர்கள் வரவில்லை. பெண்ணின் அக்காள் லட்சுமியோ கடல் கடந்து சிங்கப்பூரில் இருந்தார். கோடீஸ்வரர் வீட்டுக் கல்யாணம் இப்படிச் சிக்கனமாக முடிந்தது!

பின்னாளில் மிருணாளினி ஆமதாபாத்தில் தர்ப்பணா என்ற நாட்டியப் பள்ளியை நடத்தினார். தமிழ்நாட்டுப் பரதம் குஜராத்தில் வேர்விட அவர் ஒரு முக்கியமான காரணம்.

கண்ணுக்குத் தெரியாத மழை

ராமனிடம் விக்ரம் எடுத்துக்கொண்ட ஆராய்ச்சி, காஸ்மிக் கதிர்களைப் பற்றியது. அது என்ன? வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனித்துப் படிக்க வேண்டும். செவ்வாய்க்கு மனிதன் போக முடியுமா என்ற கேள்வியே இதில்தான் வந்து முட்டுகிறது.

ஆகாயத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும், இரவு பகல் பாராமல், மிக மிக நுண்ணிய துகள்கள் பூமியை நோக்கிப் பாய்ந்து வருகின்றன. அணுவின் உடைந்த துண்டுகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒளியின் வேகத்தை ஒட்டி வரும் இந்தத் துகள்கள் சுவரையும் துளைக்கும், உடலையும் துளைக்கும். நல்லவேளையாக நமக்கு இரண்டு குடைகள் இருக்கின்றன. ஒன்று பூமியின் காந்த சக்தி. மற்றொன்று காற்று மண்டலம். தலைக்கு மேல் உள்ள காற்று முழுவதும், 10 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமமான தடுப்பு. அந்தத் தண்ணீருக்கு அடியில் மீன் போல நாம் பத்திரமாக வாழ்கிறோம்.

இளைஞர் விக்ரம் இந்தக் கதிர்கள் எப்போது கூடுகின்றன, எப்போது குறைகின்றன என்று கணக்கெடுத்தார். 1942-ல் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. உயரத்தில் கதிர்கள் அதிகம் என்பதால், அடுத்த ஆண்டு கருவிகளை எடுத்துக்கொண்டு காஷ்மீர் மலைக்கே ஏறினார். யுத்தம் முடிந்ததும் மீண்டும் கேம்பிரிட்ஜ் போய், 1947-ல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பினார்.

அந்த ஆண்டு நாடு விடுதலை அடைந்தது. நவம்பர் மாதத்தில் ஆமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைத் தொடங்கினார் விக்ரம். வயது 28. கல்லூரி ஒன்றில் கொடுத்த சில அறைகள்தான் அப்போது இடம். பிறகு நம் கொடைக்கானலிலும், திருவனந்தபுரத்திலும், காஷ்மீரத்துக் குல்மார்க்கிலும் அதன் கதிர் அளக்கும் நிலையங்கள் வேலை செய்தன.

அந்த ஆராய்ச்சி சூரியனிடம் போய்ச் சேர்ந்தது. சூரியன் சாந்தமாக இருக்கும் பந்து அல்ல. அதில் புயல் அடிக்கும். அந்தப் புயலுக்கு ஏற்ப, பூமிக்கு வரும் கதிர்கள் கூடும், குறையும். சூரியனுக்கும் கதிர்களுக்கும் உள்ள இந்தத் தொடர்பைத்தான் விக்ரம் வாழ்நாள் முழுவதும் துருவினார். எத்தனை பதவிகள் வந்தபோதும் இந்த ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

(அவர் தொடங்கியும் தொடங்க உதவியும் வளர்ந்த நிலையங்கள் ஏராளம். துணி ஆலைகளுக்கான ஆராய்ச்சி நிலையம், ஆமதாபாத் நிர்வாகக் கல்லூரி என்று பட்டியல் நீளும். அவற்றுக்கு இங்கே இடம் போதாது.)

மாதா கோவிலில் ராக்கெட்

1957-ல் ருஷியா முதல் ஸ்புட்னிக்கை விட்டது. 1961-ல் ககாரின் பூமியைச் சுற்றி வந்தார். அடுத்த ஆண்டே இந்தியாவில் விண்வெளி ஆராய்ச்சிக் குழு ஒன்று அமைந்தது. அதற்குத் தலைவர் விக்ரம்.

ராக்கெட் விட இடம் தேடினார்கள். திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமம் கிடைத்தது. பூமியின் காந்த நடுக்கோடு அதன் பக்கமாகப் போகிறது. ஆகாயத்தின் உயரத்தில் ஓடும் மின்சார ஓட்டத்தை ஆராய அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே மக்கள் குடியிருந்தார்கள். மேரி மக்தலேனா மாதா கோவிலும் இருந்தது. விக்ரம் பிஷப் பெரேராவைப் போய்ப் பார்த்தார். பிஷப் தம் சபையாரிடம் பேசினார். மீனவக் குடும்பங்கள் வேறு இடத்துக்குப் பெயர்ந்தன. மாதா கோவில் விஞ்ஞானிகளின் வேலைக்கூடம் ஆயிற்று. ராக்கெட் உறுப்புகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

இந்திய ராக்கெட் கதையைச் சொல்லும்போது சைக்கிளை எல்லோரும் சொல்கிறார்கள். குடிசையைக் காலி செய்து கொடுத்த மீனவர்களைச் சொல்பவர்கள் குறைவு.

1963-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி மாலை முதல் ராக்கெட் கிளம்பியது. ராக்கெட் அமெரிக்காவுடையது. அது சுமந்து சென்ற கருவி பிரான்சுடையது. அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறப் புகை படர்ந்ததைக் கேரளக் கரையில் ஜனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்தில் வேலை செய்தவர்களில் ஒருவர் ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம். குரோம்பேட்டையில் விமான என்ஜினீயரிங் படித்த அவரைப் பம்பாயில் நேர்முகம் கண்டு தேர்ந்தெடுத்தவர்களில் விக்ரமும் ஒருவர். பின்னர் இந்தியாவே சொந்தமாகச் செயற்கைக் கோள் ராக்கெட் கட்டுவது என்று முடிவானபோது, அதன் நான்காம் அடுக்கை அமைக்கும் பொறுப்பை விக்ரம் கலாமிடம் கொடுத்தார். வயது, அனுபவம், சிபாரிசு எதையும் அவர் பார்ப்பதில்லை. ஆளைப் பார்த்துப் பொறுப்பைக் கொடுத்துவிடுவார்.

போட்டி வேண்டாம்

அப்போது அமெரிக்காவும் ருஷியாவும் சந்திரனுக்கு ஆள் அனுப்பப் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தன. இந்தியாவிலோ மழை பொய்த்தது. 1965-ம் 1966-ம் கொடிய வறட்சி. அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தால்தான் ரேஷன். இந்த நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று பலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருந்தது.

விக்ரம் அதற்குச் சொன்ன விளக்கம் இதுதான். பணக்கார நாடுகளோடு போட்டியிட்டுச் சந்திரனையோ கிரகங்களையோ ஆராய்வதும், மனிதனை விண்ணுக்கு அனுப்புவதும் நம் கனவு அல்ல. ஆனால் புதிய விஞ்ஞானத்தை மக்களின் கஷ்டத்தைத் தீர்க்கப் பயன்படுத்துவதில் நாம் யாருக்கும் பின்தங்கக் கூடாது. மேலே நின்று பார்க்கும் ஒரு கண் இருந்தால் புயலை முன்கூட்டியே அறியலாம். பயிரின் நோயைக் காணலாம். ஆசிரியர் இல்லாத கிராமத்துக்கு டெலிவிஷன் மூலம் பாடம் கொண்டுபோகலாம்.

இது வெறும் பேச்சாக நிற்கவில்லை. 1970-ல் ஹெலிகாப்டரில் காமிராவை ஏற்றிக் கேரளத் தென்னந்தோப்புகளைப் படம் பிடித்து, வாடல் நோய் கண்ட மரங்களைக் கண்டுபிடித்தார்கள். 1969-ல் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தத்தின் பலனாக, 1975-ல் தொடங்கி ஓராண்டுக்கு 2,400 கிராமங்களில் விண்வழி டெலிவிஷன் தெரிந்தது.

1969 ஜூலையில் அமெரிக்கர்கள் சந்திரனில் நடந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முடியும் முன்பே, ஆகஸ்டு 15-ந் தேதி, இஸ்ரோ உதயமாயிற்று. உலகம் முழுவதும் சந்திரனையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் பூமியைப் பார்க்க ஒரு ஸ்தாபனம் அமைத்தார்.

இன்று புயல் வரும்போது டெலிவிஷனில் மேகப்படம் சுழல்கிறதே, அது அந்த வழியில் வந்ததுதான். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மிதந்ததைக் கண்டவர்களுக்கு, மேலே ஒரு கண் வேண்டும் என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

செவ்வாய் எவ்வளவு தூரம்?

ஆள் அனுப்புவது அவ்வளவு கஷ்டமா? கஷ்டம்தான். செவ்வாய் மிக அருகே வரும்போதே சுமார் 5½ கோடி கிலோமீட்டர் தூரம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரும் மின்சார ரயில், எங்கும் நிற்காமல் மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடினால், போய்ச் சேர 100 ஆண்டுக்கு மேல் ஆகும்! ராக்கெட்டில் ஆறு முதல் ஒன்பது மாதம். போனவுடன் திரும்பவும் முடியாது. பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு ஏற்ற நிலைக்கு வருவது 26 மாதத்துக்கு ஒரு முறை. ஆக, போய்த் திரும்ப இரண்டரை, மூன்று ஆண்டு.

அத்தனை நாளும் சாப்பாடு வேண்டும். தண்ணீர் வேண்டும். எடையில்லாமல் மிதப்பதால் இடுப்பு எலும்பு மாதத்துக்கு நூற்றில் ஒரு பங்கு தேயும். போய் இறங்கினால் அங்கே மூச்சு விடக் காற்று இல்லை. இருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. அதுவும் நம் காற்றின் அழுத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நோய் வந்தால் சென்னை ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்வி செவ்வாயிலிருந்து வந்துசேரவே பல நிமிடம் ஆகும்.

இவற்றுக்கெல்லாம் வழி தேடிவிடலாம். விக்ரம் துருவிய அந்தக் கதிர்கள்தான் இன்னும் வழிவிடவில்லை. பூமியை விட்டு வெகுதூரம் போனால் காந்தக் குடையும் இல்லை, காற்றுக் குடையும் இல்லை. செவ்வாய்க்குச் சென்ற அமெரிக்கக் கருவி ஒன்று வழிநெடுக அளந்து பார்த்தது. போகவர வழியில் மட்டும் ஒருவர் உடலில் ஏறும் கதிர் சுமார் 660 மில்லிசீவர்ட் என்று கணக்கு வந்தது. அது எவ்வளவு என்று புரிய, தாம்பரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்துக்குப் போக வேண்டும். இந்திய அணு நிலையத் தொழிலாளிக்கு ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் கூடாது என்பது சட்டம். அதாவது 33 ஆண்டு வேலையில் ஏறக்கூடிய உச்ச அளவு, ஒரே பயணத்தில்! புற்று நோய் அபாயம் கூடும்.

இதில் சூரியப் புயல் வேறு. 1972 ஆகஸ்டில் ஒரு பெரும் புயல் அடித்தது. ஏப்ரலில் ஒரு கோஷ்டி சந்திரனுக்குப் போய்த் திரும்பிவிட்டது. அடுத்த கோஷ்டி போனது டிசம்பரில். இடையில் அடித்ததால் பிழைத்தார்கள். அப்படிப்பட்ட புயலை முன்னதாகச் சொல்ல வேண்டுமானால் சூரியனையும் கதிர்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விக்ரம் வாழ்நாள் எல்லாம் படித்தது அதைத்தான்.

அந்தப் புயலைப் பார்க்க அவர் இல்லை.

கோவளத்தில் அணைந்த விளக்கு

1966-ல் டாக்டர் ஹோமி பாபா விமான விபத்தில் மாண்டதும், அணுசக்திக் கமிஷன் தலைவர் பதவியும் விக்ரம் தோளில் விழுந்தது. கல்பாக்கத்தில் அணு மின் நிலையமும் ஆராய்ச்சி நிலையமும் உருவாகத் தொடங்கியது அவர் காலத்தில்தான். ஆமதாபாத், பம்பாய், டில்லி, திருவனந்தபுரம் என்று ஓய்வில்லாமல் பறந்தார். விமான நிலையத்தில் இரண்டு விமானங்களுக்கு இடையே கிடைக்கும் நேரத்திலும் விஞ்ஞானிகளோடு உட்கார்ந்துவிடுவார். உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

1971 அக்டோபரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. டிசம்பர் கடைசியில், செயற்கைக் கோள் ராக்கெட்டின் வரைபடங்களைப் பார்வையிட விக்ரம் தும்பா வந்தார். கோவளத்தில் தங்கினார். டிசம்பர் 30-ந் தேதி மாரடைப்பால் இறந்தார். வயது 52. அவரைச் சந்திக்க டில்லியிலிருந்து விமானத்தில் வந்து இறங்கிய கலாமின் காதில், திருவனந்தபுரம் விமான நிலையத்திலேயே அந்தச் செய்தி விழுந்தது.

அவர் கனவு கண்ட ராக்கெட் 1980 ஜூலை 18-ந் தேதி வெற்றிகரமாகப் பறந்தது. தும்பாவில் உள்ள நிலையத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயர்.

அதே தும்பாவில்

காலம் மாறியது. 2014-ல் மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியது. ஆள் இல்லாத கலம். செலவு சுமார் 450 கோடி ரூபாய். மனிதனை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு 2024-ல் ஒப்புக்கொண்ட மொத்தத் தொகை 20,193 கோடி ரூபாய். அதில் பல பயணங்களும், விண்வெளியில் கட்டும் நிலையத்தின் முதல் பகுதியும் அடக்கம். ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்கள்! எந்திரத்துக்கு மூச்சு வேண்டாம், சோறு வேண்டாம், திரும்பி வரவும் வேண்டாம். கணக்குப் பார்த்தால் விக்ரம் சொன்னது பிசகு என்று சொல்ல முடியாது.

கணக்குக்கு அடங்காத ஆசையும் உண்டு. ககன்யானுக்குத் தேர்வான நான்கு விமானிகளின் பெயர்களை 2024 பிப்ரவரி 27-ந் தேதி வெளியிட்டார்கள். வெளியிட்ட இடம் தும்பா விக்ரம் சாராபாய் விண்வெளி மையம்! நால்வரில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் கலையைத் தாம்பரம் தளத்தில் கற்றவர். சுபான்சு சுக்லா மற்ற மூவரையும் முந்திக்கொண்டார். 2025 ஜூன் மாதம் அமெரிக்க ராக்கெட்டில் ஏறி, சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சென்றார்.

அந்த நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. பூமியின் காந்தக் குடைக்கு உள்ளேதான். செவ்வாய்ப் பயணத்தோடு ஒப்பிட்டால் வாசற்படி.

அந்த வாசற்படியில் சுக்லா செய்த வேலைகளில் ஒன்று, நம் வீட்டுச் சமையலறை வேலை. பச்சைப் பயறையும் வெந்தயத்தையும் சிறு தட்டுகளில் ஊறவைத்தார். எடையில்லாத இடத்தில் அவை முளைவிட்டன. முளைகளைக் குளிர்பெட்டியில் வைத்துப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். கர்நாடகத்தில் உள்ள தார்வாடில் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு, விண்வெளி அவற்றை என்ன செய்தது என்று பார்ப்பது விஞ்ஞானிகளின் திட்டம்.